ஊற்றிவிட்டுப் பார்: மாடித் தோட்டத்தில் ஒரு டூ-வைல் லூப்

பொங்கலோடு 40 நாள் ஆகிறது. மாடியில் இருக்கும் நான்கு பைகளுக்கும், அதாவது இரண்டு மிளகாய், ஒரு தக்காளி, ஒரு கத்தரிக்கு, இந்த 40 நாளும் நான் கையால் ஒரு சொம்பு தண்ணீர்கூட ஊற்றவில்லை. மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானே பம்ப்பை ஓட்டும் ஒரு சின்னக் கருவிதான் ஊற்றியது. செடிகள் நன்றாக இருக்கின்றன, மிளகாய் காய்க்கத் தொடங்கிவிட்டது. இந்த நிலைக்கு வர மூன்று மாதமும், ஒரு பம்ப்பும், இரண்டு சென்சார்களும், இரண்டு மிளகாய்ச் செடிகளும் செலவாயின. செலவான எல்லாமே ஏறக்குறைய ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: வேலையைச் செய்வதற்கு முன் பார்ப்பதா, செய்துவிட்டுப் பார்ப்பதா? நிரலில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதிக்கு லூப் என்று பெயர். முன்பே பார்த்தால் அது 'வைல்', செய்துவிட்டுப் பார்த்தால் 'டூ-வைல்'.

திருச்சியில் வீடு. வேலை விஷயமாக மாதம் இரண்டு முறையாவது ஊருக்குப் போக வேண்டியிருக்கும். மொட்டை மாடி வெயிலில் தென்னை நார்க்கழிவு கலந்த பை இரண்டு நாளில் காய்ந்து விளிம்பை விட்டு விலகி நிற்கும். செப்டம்பரில்தான் இதற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆர்டுயினோ என்ற, நிரல் எழுதி ஓட்டும் சின்ன மின்னணு போர்டை எடுத்ததற்குக் காரணம் எளிது. எனக்கு புரோகிராமிங் பின்னணி கிடையாது. பொறியாளர் அல்லாதவர்களையும் மனதில் வைத்து இத்தாலியில் 2005-இல் உருவான போர்டு அது. யூஎஸ்பி வயரைச் செருகி, பத்து வரி எழுதி, விளக்கை மின்ன வைத்துவிடலாம்.

வாங்கியவை: ஊனோ போர்டு (ஆர்டுயினோவில் ஒரு வகை; ஒரிஜினல் இல்லை, அதே வடிவில் வரும் மலிவு வகை) 380 ரூபாய். ஒற்றை ரிலே (போர்டு சொன்னால் பம்ப்பின் மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) 65. 5 வோல்ட் குட்டி நீர்மூழ்கி பம்ப் 110. டியூப் இரண்டு மீட்டர் 40. வயர்கள் 60. டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) 5. எல்லாவற்றையும் அடைக்க ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் 45. ஈரம் பார்க்க முதலில் 60 ரூபாய்க்கு இரண்டு கால் முள் மாதிரி இருக்கும் சென்சாரை வாங்கினேன். அதை வாங்காதீர்கள். ஈர மண்ணில் அந்தக் கால்கள் வழியாகவே மின்சாரம் ஓடுவதால், மூன்றே வாரத்தில் ஒரு கால் பச்சை பூத்து அரித்துப் போனது. அதன்பின் கெப்பாசிட்டிவ் வகை (உலோகம் மண்ணில் படாமலே ஈரத்தை அறிவது) வாங்கினேன், ஒன்று 110. முதலாவதில் பலகையின் வெட்டிய விளிம்பு வழியாக ஈரம் ஏறிப் பழுதானதால் இரண்டாவது. அதன் விளிம்பு முழுவதும் நகப்பாலிஷ் இரண்டு கோட் அடித்துவிட்டுத்தான் மண்ணில் இறக்கினேன். பம்ப்புக்கு மின்சாரம் பழைய மொபைல் சார்ஜரிலிருந்து. ஊனோவின் காலிலிருந்து (வயர் செருகும் முனையிலிருந்து) நேராக பம்ப்பை ஓட்டக் கூடாது, ஒரு காலின் உச்ச வரம்பே 40 மில்லியாம்ப்தான். சார்ஜரின் மைனஸையும் போர்டின் மைனஸையும் சேர்த்துவிட்டு, பம்ப்பின் இரண்டு வயருக்குக் குறுக்கே டையோடைத் திருப்பிப் போட்டேன்.

அளவுகளை முதலிலேயே எடுத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. வாளியிலிருந்து மாடிப் பைக்குக் குழாய் போகும் உயரத்தில் பம்ப் ஒரு லிட்டர் தள்ள 38 விநாடி எடுத்தது. அப்படியானால் 20 விநாடிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல், நான்கு பைக்கும் பிரிந்தால் பைக்கு சுமார் 130 மில்லி. ஊனோ, காலில் வரும் வோல்ட்டை 0 முதல் 1023 வரை எண்ணாகக் கொடுக்கும். இந்த சென்சாரில் எண் கூடினால் காய்ச்சல், குறைந்தால் ஈரம். வெறும் காற்றில் 590, தண்ணீர் டம்ளரில் 275, தண்ணீர் ஊற்றி வடிந்த பையில் 330, வாடத் தொடங்கிய பையில் 520. நடுவில் 430 என்று ஒரு கோடு கிழித்துக்கொண்டேன்.

அடுத்தது நிரல். ஆர்டுயினோவில் எழுதியதை இங்கே தமிழ்ச் சொற்களிலேயே காட்டுகிறேன். முதலில் எழுதியது இது:

எண் ஈரம் = 0;
வைல் (ஈரம் > 430) {
    பம்ப்பை 20 விநாடி ஓட்டு;
    ஈரம் = சென்சாரைப் படி;
}

ஏற்றினேன். ரிலே 'டிக்' என்றது, பம்ப் ஓடவில்லை. காய்ந்த பை, சென்சார் 520 காட்டுகிறது, பம்ப் சும்மா இருக்கிறது. வயர், சார்ஜர், ரிலே என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். 'டிக்' சத்தம் என்னைத் தவறான பக்கம் இழுத்துவிட்டது. அந்த ரிலே, கால் கீழே போனால் மூடும் வகை. போர்டு எழும் கணத்தில் ஒருமுறை அதுவாகவே அடிக்கிறது, நிரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உண்மையான பிழை முதல் வரியில் இருந்தது. ஈரம் 0 என்று நானே எழுதிவைத்திருக்கிறேன். வைல் முதல் வேலையாக 0 என்பது 430-ஐ விடப் பெரிதா என்று கேட்கிறது. இல்லை. உள்ளே நுழையாமலே போய்விடுகிறது. சென்சாரைப் படிக்கும் வரி உள்ளே இருப்பதால் உண்மையான ஈரம் என்னவென்று அதற்குத் தெரிய வழியே இல்லை.

முதல் வரியை 1000 என்று மாற்றினால் ஓடும். மாற்றினேன், ஓடியது. ஆனால் அந்த 1000 ஒரு பொய் எண். எந்தப் பையிலும் யாரும் அளக்காத எண்ணை லூப்பின் கதவைத் திறப்பதற்காக மட்டும் வைப்பது எனக்கு உறுத்தியது. நாளைக்கு எண் குறைந்தால் காய்ச்சல் என்று காட்டும் சென்சாரை வாங்கினால் இதே பொய் திருப்பி அடிக்கும்.

அண்ணன் மகள் பிளஸ் டூவில் கணினி அறிவியல் படிக்கிறாள். அவளிடம் காட்டினேன். "இது நுழையும்போதே செக் பண்ற லூப் சித்தப்பா. உங்களுக்கு வேண்டியது வெளியே போகும்போது செக் பண்றது. பிளஸ் ஒன்ல சி பிளஸ் பிளஸ்ல படிச்சோமே, டூ-வைல்." ஆர்டுயினோவுக்கு அடியில் இருப்பதும் சி பிளஸ் பிளஸ் என்ற அதே நிரல்மொழிதான். அவள் சொன்னதும் எனக்கு அம்மா சமையல் சொல்லிக் கொடுத்த விதம்தான் நினைவுக்கு வந்தது: "உப்பைப் போட்டுட்டு ருசி பாரு, பத்தலைன்னா இன்னும் கொஞ்சம் போடு." போடாமல் ருசி பார்த்து ஒன்றும் தெரியாது. முதல் தடவைக்குக் கேள்வியே கிடையாது, இரண்டாவது தடவையிலிருந்துதான் கேள்வி.

டூ {
    பம்ப்பை 20 விநாடி ஓட்டு;
    எண் ஈரம் = சென்சாரைப் படி;
} வைல் (ஈரம் > 430)

இதில் இரண்டு பிழைகள் இருந்தன, இரண்டையும் கணினியே பிடித்தது. கடைசி வரிக்குப் பின் அரைப்புள்ளி வேண்டும். சாதாரண வைலில் அந்த இடத்தில் அரைப்புள்ளி போட்டால் லூப் கெட்டுவிடும், டூ-வைலில் போடாவிட்டால் கெட்டுவிடும். அடுத்தது கொஞ்சம் நுட்பமானது. 'எண் ஈரம்' என்ற அறிவிப்பு வளைவு அடைப்புக்குள் இருக்கிறது, கேள்வி அடைப்புக்கு வெளியே இருக்கிறது. உள்ளே பிறந்த பெயர் வெளியே தெரியாது, அதனால் 'ஈரம்' என்று எதையும் அறிவிக்கவில்லை என்று பிழை வருகிறது. அறிவிப்பை டூவுக்கு மேலே ஏற்றியதும் சரியானது. எல்லா மொழியிலும் இப்படி இல்லை. லுவா என்ற நிரல்மொழியில் 'ரிப்பீட்... அன்டில்' என்று எழுதுவார்கள், அங்கே உள்ளே அறிவித்த பெயரைக் கடைசிக் கேள்வியிலும் பயன்படுத்தலாம். பாஸ்கலிலும் 'ரிப்பீட்... அன்டில்'தான். ஆனால் இரண்டிலும் கேள்வி தலைகீழ். டூ-வைல் 'இன்னும் காய்ந்திருக்கிறதா' என்று கேட்டு, ஆமென்றால் திரும்பப் போகும். அன்டில் 'நனைந்துவிட்டதா' என்று கேட்டு, ஆமென்றால் நிற்கும். ஒரு மொழியில் பார்த்ததை இன்னொன்றுக்கு எடுத்துப்போகும்போது குறியைத் திருப்பாவிட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

அன்று மாலை ஓட விட்டேன். பம்ப் ஓடியது, ஒரு விநாடி இடைவெளி, மறுபடி ஓடியது, மறுபடி. 11 சுற்று. நிற்பதற்குள் பைகளின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து மாடித் தளம் முழுவதும் ஓடி, வடிகால் குழாய் வழியாகக் கீழ்வீட்டு வாசலுக்குப் போனது. பைக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர்.

லூப்பில் தப்பில்லை, ஊற்றிவிட்டுத்தான் பார்த்தது. ஆனால் உடனே பார்த்தது. நன்றாகக் காய்ந்த கலவை தண்ணீரை உடனே உறிஞ்சாது, ஓரமாக ஓடி அடியில் இறங்கிவிடும். பையின் மறுபக்கத்தில் செருகியிருந்த சென்சாருக்குச் செய்தி போய்ச் சேரவே நேரமாகும். ஒரு காய்ந்த பையில் 150 மில்லி ஊற்றி, கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். எண் அசையத் தொடங்கவே 100 விநாடி, ஒரு நிலைக்கு வர நாலு நிமிடம். உப்பு போட்டதும் கரண்டியை நக்கினால் என்ன தெரியும்? கிளறிவிட்டுப் பார்க்க வேண்டும். சென்சாரைச் சொட்டும் இடத்திலிருந்து மூன்று விரல் தூரத்துக்கு மாற்றினேன், ஊற்றியபின் 100 விநாடி காத்திருக்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். சுற்றுகள் 11-லிருந்து 3 ஆகின.

ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் வாளியில் தண்ணீர் குறைவாக இருந்ததைக் கவனிக்காமல் காலை 9 மணிக்கு வேலைக்குப் போனேன். மாலை 6 மணிக்கு வந்தபோது பம்ப்பைத் தொட்டால் சுட்டது, பிளாஸ்டிக் கருகிய வாசம். தண்ணீர் தீர்ந்துவிட்டது, மண் நனையவில்லை, ஆகவே கேள்விக்கு விடை எப்போதும் 'ஆம், இன்னும் காய்ந்திருக்கிறது'. 2 நிமிடத்துக்கு ஒருமுறை 20 விநாடி என்றால் 9 மணி நேரத்தில் 270 தடவை. ஒன்றரை மணி நேரம் அந்தக் குட்டி பம்ப் வெறும் காற்றைத் தள்ளியிருக்கிறது. அந்த வகை பம்ப்புக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சியும் மசகும். இன்னொரு 110 ரூபாய்.

எனக்கு இதில் பட்டது இதுதான்: வெளி உலகத்தைக் கேட்டு நிற்கும் எந்த லூப்புக்கும் உலகம் பதில் சொல்லாமலே போனால் நிற்பதற்கு இரண்டாவது காரணம் ஒன்று வேண்டும். 'சுற்று' என்று ஒரு எண்ணை வைத்து, ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டி, கேள்வியில் 'சுற்று < 4' என்பதையும் சேர்த்தேன்.

அதே கையோடு காத்திருப்பையும் 5 நிமிடமாக்கினேன். அப்போது ஒரு சுற்று ஓடியது, அதோடு போர்டு செத்தது மாதிரி நின்றுவிட்டது. ரீசெட் அடித்தால் மறுபடி ஒரு சுற்று, மறுபடி மௌனம். இரண்டு நாள் தூக்கம் கெட்டது. முன்பு காத்திருப்பை 100000 மில்லிவிநாடி என்று நேராக எழுதியிருந்தேன். இப்போது படிக்க வசதியாக இருக்கட்டும் என்று 5 * 60 * 1000 என்று எழுதியிருந்தேன். ஊனோவில் சாதாரண முழு எண்ணுக்கு 16 பிட்தான் இடம், 32767-க்கு மேல் தாங்காது. 300000 அதில் அடங்காமல் சுற்றிக்கொண்டு மைனஸ் 27680 ஆகிறது. காத்திருக்கும் கட்டளை மைனஸ் எண்ணை அறியாது, அதை 429 கோடி மில்லிவிநாடி சொச்சமாகப் படித்துக்கொள்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய 50 நாள்! போர்டு சாகவில்லை, நான் சொன்னபடி பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது. 300000 என்று நேராக எழுதினேன், சரியானது. எச்சரிக்கை வரிகளைக் காட்டும் அமைப்பை ஆன் செய்து வைத்திருந்தால் கணினி அன்றே சொல்லியிருக்கும்.

ஐப்பசி பிறந்தது. மணிக்கு ஒருமுறை இந்த லூப்பை ஓட்டும்படி வைத்துவிட்டு, வாளியை 20 லிட்டர் நிரப்பி, குழாய் போக ஒரு ஓட்டை விட்டு மூடி போட்டு, ஊருக்குப் போனேன். அந்த ஒன்றரை நாளும் திருச்சியில் விடாத மழை. திரும்பி வந்து மாடிக்குப் போனதும் வாளியைத்தான் முதலில் பார்த்தேன். மழைக்காலம், பம்ப்புக்கு வேலையே இருந்திருக்காது, வாளி நிறைந்திருக்க வேண்டும். அடியில் ஒரு லிட்டர்தான் இருந்தது.

36 மணி நேரம், 36 தடவை, தடவைக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல்: 19 லிட்டர். மழையில் ஊறிக்கிடந்த பைகளில் மணிக்கு ஒருமுறை என் பம்ப் தவறாமல் ஊற்றியிருக்கிறது. டூ-வைல் செய்ய வேண்டியதைத்தான் செய்தது. முதல் தடவைக்குக் கேள்வி இல்லை. ஒரு சுற்று ஊற்றி, பார்த்து, ஈரமாக இருக்கிறது என்று நின்று, அடுத்த மணிக்கு மறுபடி ஒரு சுற்று. மிளகாய்கள் இரண்டும் அடுத்த வாரத்தில் இலை மஞ்சளாகி விழுந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக, கையோடு தோல் உரிந்து வந்தது. விதையிலிருந்து நான் வளர்த்த செடிகள் அவை. இந்த முழுத் திட்டத்தில் எனக்கு மிகவும் வலித்தது அதுதான். 110 ரூபாய் பம்ப்பை மறுநாளே வாங்கிவிடலாம், 70 நாள் வளர்ந்த செடியை அப்படி வாங்க முடியாது.

நான் இரண்டு வேலைகளை ஒரே லூப்புக்குள் கட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஈரத்தைப் படிப்பது ஒரு வேலை. அது ஒருமுறையாவது நடந்தே ஆக வேண்டும், படிக்காமல் எதையும் தீர்மானிக்க முடியாது. தண்ணீர் விடுவது வேறு வேலை. அது ஒருமுறைகூட நடக்காமல் போகலாம், போக வேண்டிய நாட்களும் உண்டு.

முதலில் படிப்பதை மட்டும் டூ-வைலில் வைத்தேன். வயர் தளர்ந்தால் 0 அல்லது 1023 என்று தாறுமாறான எண் வரும், பம்ப் நிற்கும் கணத்திலும் சில சமயம் எண் துள்ளும். ஆகவே நம்பத்தக்க எண் கிடைக்கும்வரை படி, ஆனால் 5 தடவைக்கு மேல் வேண்டாம்:

எண் ஈரம்;
எண் முயற்சி = 0;
டூ {
    ஈரம் = சென்சாரைப் படி;
    முயற்சி = முயற்சி + 1;
} வைல் ((ஈரம் < 250 அல்லது ஈரம் > 620) மற்றும் முயற்சி < 5);

இங்கே பொய் எண் எதுவும் வேண்டியதில்லை. லூப்பை விட்டு வெளியே வரும்போது கையில் இருப்பது உண்மையாகவே படித்த எண்.

அடுத்து, தண்ணீர் விடும் பகுதியைச் சாதாரண வைலாகவே மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். 430-க்கு மேல் இருந்தால் ஊற்று, குறைந்தால் நில். இரண்டு நாள் ஓட்டினேன். பம்ப் நாள் முழுக்க அடிக்கடி சின்னச் சின்னதாக ஓடியது. எண் 432, ஊற்று, 425, நில், அடுத்த மணியில் 431, ஊற்று. மேல்மண் எப்போதும் ஈரமாகவும் அடிமண் காய்ந்தும் இருந்தது. செடிக்கு அது பிடிக்காது. நன்றாகக் காய விட்டு, பிறகு நன்றாக நனைக்க வேண்டும். தொடங்குவதற்கு ஒரு கோடு, நிறுத்துவதற்கு வேறொரு கோடு. அந்த இடத்தில்தான் டூ-வைல் தன் சரியான வீட்டுக்கு வந்தது என்று நினைக்கிறேன்:

இஃப் (ஈரம் > 450 மற்றும் ஈரம் <= 620) {
    எண் சுற்று = 0;
    டூ {
        பம்ப்பை 20 விநாடி ஓட்டு;
        5 நிமிடம் காத்திரு;
        ஈரம் = சென்சாரைப் படி;
        சுற்று = சுற்று + 1;
    } வைல் (ஈரம் > 370 மற்றும் சுற்று < 4);
}

450-ஐத் தாண்டினால்தான் கதவு திறக்கும். திறந்துவிட்டால் ஊற்றியே ஆக வேண்டும், அதில் சந்தேகமில்லை. அதன்பின் 370-க்குக் கீழே வரும்வரை. நுழையும் கேள்வியும் வெளியேறும் கேள்வியும் வேறு வேறு என்பதால் இரண்டுக்கும் தனித்தனி இடம் கிடைக்கிறது. இப்போது பம்ப் வெயில் நாளில் ஒருமுறை ஓடுகிறது, இரண்டு அல்லது மூன்று சுற்று. மார்கழிப் பனியில் இரண்டு நாளுக்கு ஒருமுறை. மழை பெய்த நாட்களில் ஓடவே இல்லை. வாளியில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு வைத்துத் தினமும் பார்த்தேன்.

அண்ணன் மகள் இதே நிரலைப் பைத்தானில் எழுதிப் பார்க்க ஆசைப்பட்டாள், அவர்களுக்கு இந்த வருடம் பைத்தான்தான். "பைத்தான்ல டூ-வைல் கிடையாதே சித்தப்பா" என்றாள். உண்மைதான். 2003-இல் அப்படி ஒன்றைச் சேர்க்க முன்மொழிவு வந்தது, கடைசியில் ஏற்கப்படவில்லை. அங்கே 'வைல் ட்ரூ' என்று முடிவில்லா லூப்பைத் திறந்து, வேலையை எழுதி, கடைசி வரியாக 'இஃப்... பிரேக்' (இப்படி இருந்தால் லூப்பை விட்டு வெளியேறு) போடுவார்கள். அவள் எழுதியதில் பிரேக் இஃபுக்குள் இல்லாமல் ஒரு படி வெளியே தள்ளி நின்றது, அதனால் எப்போதும் ஒரே சுற்றில் முடிந்துவிட்டது. இடைவெளியைச் சரி செய்ததும் ஓடியது. கேள்வி பாஸ்கலைப் போல நிற்பதற்கான கேள்வியாகத் திரும்பிவிடுவதை அவளாகவே கண்டுபிடித்துச் சொன்னாள்.

மொத்தச் செலவு 1,095 ரூபாய். கெட்டுப்போன பம்ப்பும் சென்சார்களும் அதில் அடக்கம். முதலிலேயே சரியாகச் செய்திருந்தால் 815-இல் முடிந்திருக்கும்.

இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டாவது லூப்புக்குள் சென்சாரைப் படிக்கும் வரி நேராகப் படிக்கிறது, 5 முயற்சி சோதனை அங்கே இல்லை. ஊற்றும் நடுவில் வயர் கழன்று 1023 வந்தால் நான்கு சுற்றும் ஓடிவிடும். பைக்கு அரை லிட்டர்தான், செடி தாங்கும், ஆனாலும் படிக்கும் லூப்பைத் தனி ஃபங்ஷனாக்கி இரண்டு இடத்திலும் அதையே கூப்பிட வேண்டும். வாளியின் அடியில் வைக்க ஒரு மிதவை சுவிட்ச் வாங்கி வைத்திருக்கிறேன், மேலே சொன்ன கணக்கில் சேராத 75 ரூபாய். அதை 'சுற்று < 4' பக்கத்திலேயே மூன்றாவது நிபந்தனையாகச் சேர்க்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் தண்ணீரே இல்லாத வாளியில் முதல் சுற்றுகூட ஓடக் கூடாது. அதனால் அது மேலே இஃபிலும் போகும், கீழே வைலிலும் போகும். ஞாயிற்றுக்கிழமை உட்கார வேண்டும்.